‘சேஃப் யீல்டு’க்குத் ‘தாங்களவு’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

நாம் தமிழாக்கிவரும் குடிநீர்த் திட்டமிடல் சொற்களில் ‘சேஃப் யீல்டு’ (safe yield) மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘பாதுகாப்பான விளைச்சல்’ எனக்கு ஒப்பவில்லை. பாதுகாப்பான நீர் என்றால் கிருமி இல்லாத நீர் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். விளைச்சல் என்றால் நெல்லும் கடலையும்தான் மனதில் வரும். இங்கே பேச்சே வேறு. மழை பொய்த்த காலத்திலும் ஓர் ஏரி நாள்தோறும் எவ்வளவு தண்ணீர் தரும் என்று நம்பலாம் என்பதைத்தான் ‘சேஃப் யீல்டு’ குறிக்கிறது.

2019 கோடையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு நீல டிரம் இருந்தது. அம்மா காலையில் விரலை மடக்கி அதை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் மாறும் இடம்தான் தண்ணீர் மட்டம். “லாரி வரலைன்னாலும் வியாழக்கிழமை வரைக்கும் தாங்கும்” என்பார். நாம் தேடுகிற சொல் அதில் இருக்கிறது: தாங்களவு.

‘கொள்ளளவு’க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கின் கொள்ளளவு மொத்தம் 11,257 மில்லியன் கன அடி. அதே நான்கும் 2019 ஜூனில் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அப்படிப்பட்ட ஆண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு மிஞ்சுகிற எண்தான் தாங்களவு. கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை மழையை நம்பி இல்லை. அதனால் அதன் தாங்களவு, நாளுக்கு 100 மில்லியன் லிட்டர் என்ற அதன் உற்பத்தித் திறனை ஒட்டியே இருக்கும்.

தலைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், நகரத்தில் பத்து லட்சம் பேர் கூடும்போது நாளுக்கு 135 மில்லியன் லிட்டர் கூடுதலாக வேண்டும். மீஞ்சூர் ஆலை முழுதாக ஓடினாலும் போதாது. 30 ஆண்டுகளுக்கான திட்டத்தில் இந்தத் தேவையைக் கொள்ளளவோடு ஒப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. பொதுமக்களுக்கும் இந்த வேறுபாடு புரிய வேண்டும் என்பதால்தான் சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

இரண்டு தடைகள் தெரிகின்றன. சூழலியலில் ‘தாங்குதிறன்’ ஏற்கெனவே இருக்கிறது. அது ஒரு நிலம் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்பது. குழப்பம் வந்தால் ‘வறட்சித் தாங்களவு’ என்று விரிக்கலாம். அப்புறம், முதல் பார்வையில் கண் ‘தாங்கள்’ என்று படித்துவிடுகிறது. கட்டுரைகளில் ‘தாங்கும் அளவு’ என்று பிரித்தே எழுதினால் சரியாகிவிடும்.

கிணற்றுப் பாசனம் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் ஊரில் இதே பொருளில் வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.