பாயில் இருந்து கேட்டவர்களிடம் இருந்த கூத்து

முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளைப் பக்கம் எங்கள் வாசிகசாலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் தடவை நாங்கள் பண்பாட்டு விழா என்று வைத்தது பிழைத்துப்போனது. மேடை போட்டு, மாலை போட்டு, விருந்தினர் பேசி முடிய இரண்டு மணித்தியாலம். பின்னேரம் மூன்று மணிக்கே வந்து காத்திருந்த, கூத்துப் பழக்கும் வயதான அண்ணாவியாருக்குக் கடைசியில் பத்து நிமிடம்தான் கிடைத்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சால்வையை மடித்துக்கொண்டு போனார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த தடவை மேடையும் இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை. முற்றத்தில் பாய் விரித்து, பிளேன்ரீ ஊற்றி, அண்ணாவியாரை நடுவில் இருத்தினோம். பொருள் ஒன்றே ஒன்று: கோவலன் கூத்து. முல்லைமோடி என்ற எங்கள் பக்கத்துப் பாணியில் ஆடுவது. மதுரையை எரித்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளை, அதுவே வற்றாப்பளை ஆனது என்று நம்புகிற ஊர் எங்களுடையது. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் காட்டு விநாயகர் கோயிலும் இங்கேதான். அதனால் கோவலன் கதை எங்களுக்கு வீட்டுக் கதை மாதிரி.

பாட்டெல்லாம் எழுதி வைத்திருந்த அண்ணாவியாரின் கூத்துக் கொப்பி 2009 போர் இடம்பெயர்வில் போய்விட்டது. அரிசிப் பையோடு சுற்றி வைத்திருந்தாராம், பதுங்குகுழிப் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓட வேண்டி வந்தது. நினைவில் இருந்து காப்பு விருத்தம் தொடங்கிப் பாடினார். கோவலன் சிலம்பு விற்கப் புறப்படும் இடத்தில் நின்றுவிட்டது. இரண்டு தரம் முயன்றார். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ஒருவரும் பேசவில்லை.

அப்போது பின்வரிசையில் பாக்குச் சீவிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி, மெல்லமாக அடுத்த அடியைப் பாடினா.

அண்ணாவியார் திரும்பிப் பார்த்தார். "அக்கா, அதை ஒருக்காத் திருப்பிப் பாடுங்கோ."

ஆச்சி சொன்னா: "என்ரை அவர்தானே கண்ணகிக்கு ஆடினவர், தம்பி. அவருக்கு எழுத்து வாசிக்க வராது. ஒவ்வொரு இரவும் விளக்கடியிலை கொப்பியைப் பிடிச்சு வாசிச்சுக் குடுத்தது நான்."

பெண்வேடத்தையும் ஆண்களே ஆடிய கூத்து அது. கூத்து ஆடும் களரியில் ஒருநாளும் கால் வைக்காத ஒரு பெண்ணிடம் அதன் பாட்டு நாற்பது வருடத்துக்கு மேலாகப் பத்திரமாக இருந்திருக்கிறது. நாங்கள் அதுவரை அண்ணாவிமாரையும் ஆடியவர்களையும் மட்டுமே தேடித் திரிந்தோம். எவ்வளவு பெரிய தவறு!

அதற்குப் பிறகு பாயில் இருந்த மற்றப் பெண்களும் வாய் திறந்தார்கள். ஒருவர் பன்றிப் பள்ளில் சில அடி பாடினார், வயலைப் பன்றி அழிக்காமல் இருக்கப் பாடுவது. இன்னொருவருக்குக் குருவிப் பள்ளு கொஞ்சம் தெரிந்திருந்தது. குமுழமுனையில் யானை கட்டிய அரியாத்தையின் கதையைச் சின்னப் பிள்ளைகள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். இருட்டிய பிறகும் எழும்ப மனமில்லாமல் இருந்தார்கள்.

இதே மாதிரிச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். காலபோக நெல் விதைப்பு நேரத்தில் வைத்தால் ஆள் வராது, அரிவு வெட்டு முடியட்டும். இல்லாவிட்டால் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெளியூர்ச் சனம் வீட்டுக்கு வரும் நாட்களில் வையுங்கள். மைக்கை முகத்துக்கு நேரே நீட்டினால் வயதானவர்கள் அடங்கிப்போவார்கள். போனைப் பாயில் வைத்துவிட்டுப் பேச விடுவதே நல்லது. ஆனால் பதிவு செய்கிறோம் என்று முதலே சொல்லிச் சம்மதம் கேளுங்கள். இடம்பெயர்வைப் பற்றி நாங்களாகக் கேட்பதில்லை. பாட்டுக்குள்ளால் அது தானாக வரும், வந்தால் கேட்டுக்கொண்டிருப்போம்.

இப்போது அண்ணாவியாரும் ஆச்சியும் ஞாயிறு பின்னேரங்களில் சேர்ந்து இருந்து எழுதுவிக்கிறார்கள். உயர்தரம் படிக்கிற இரண்டு பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஒரே கொப்பியை நம்பி இழந்தோமே, அதனால் மூன்று பிரதி, மூன்று வீட்டில்.

கோவலன் வெட்டுப்படும் கொலைக்களக் காட்சிக்கு முன்னால் வரும் இரண்டு பாட்டு மட்டும் இன்னும் அகப்படவில்லை. தண்ணீரூற்று, அளம்பில், சிலாவத்தைப் பக்கம் உங்கள் அம்மம்மாமார் முணுமுணுத்திருக்கக் கூடும். ஒருக்காக் கேட்டுப் பாருங்கள், ஒரு அடி கிடைத்தாலும் போதும்.