லேப் 41 கிலோ, சோத்தைக் குறைச்சும் இறங்கலை

சத்துவாச்சாரிவாசி:
எங்க வீட்டு லேப்ரடார் நாய், பேரு சிங்காரம். 6 வயசு, போன வருஷம் கருத்தடை ஆப்பரேஷன் ஆச்சு. அப்ப 36 கிலோ, இப்ப 41. வீட்டு மிஷின்ல நிக்க மாட்டான்னு பழைய பேப்பர் கடை எடைமேடையில ஏத்தினேன். "கிலோ என்ன விலை போட்டுக்கலாம்?"னு கடைக்காரர் சிரிக்கிறார். விலாவைத் தடவினா எலும்பே தட்டுப்படலை, மெத்தையில கை வெச்ச மாதிரி இருக்கு. மாடிப்படியில நாலாவது படிக்கே உக்காந்துடுறான்.

32க்குக் கொண்டாரச் சொன்னார் டாக்டர். முந்தி மூணு வேளை, இப்ப ரெண்டு மாசமா காலையில ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம் டாக் ஃபுட், அவ்ளோதான். அரை கிலோகூட இறங்கலை. நடத்தலாம்னா நம்ம ஊரு வெயிலு தெரியுமே, எட்டு மணிக்கே தார் ரோட்டுல கால் வைக்க முடியலை. இன்னும் குறைக்கலாமா? பாவமா பாக்குறான்.

காட்பாடி அக்கா:
தம்பி, கிண்ணம்னா எந்தக் கிண்ணம்? எங்க வீட்டு டம்ளர்ல தட்டி எடுத்தா 110 கிராம், கோபுரமா அள்ளினா 150. எங்க வீட்டுக்காரர் கோபுரக் கட்சி. மொதல்ல ஒரு சமையல் தராசு வாங்குங்க.

32 கிலோ நாய் சும்மா படுத்துக் கிடக்கவே ஒரு நாளைக்கு சுமார் 940 கலோரி வேணும். இப்ப இருக்கிற எடைக்கு இல்ல, வரவேண்டிய எடைக்குத்தான் கணக்கு போடணும். 100 கிராமுக்கு எவ்ளோ கலோரின்னு பாக்கெட்லயே இருக்கும். 360ன்னு வெச்சுக்கிட்டா மொத்த நாளைக்கும் 260 கிராம்தான். நொறுக்குத் தீனியும் இதுக்குள்ளயே, பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. ஒன்றரை இட்லிக்கே அது தீந்துடும்!

கேக்குறேன்னு கோவிக்காதீங்க, வீட்டுல பெரியவங்க இருக்காங்களா? எங்க மாமியாரை, நாய்க்கு என்னென்ன குடுக்கறாங்கன்னு ஒரே ஒரு நாள் காலண்டர் பின்னாடி எழுதச் சொன்னேன். தயிர் சோறு ஒரு உருண்டை, மேரி பிஸ்கட் நாலு, தோசை ஓரம், மறுபடி தயிர் சோறு. "இதெல்லாம் ஒரு சாப்பாடா"ங்கறாங்க. அவங்க கையைக் கட்ட முடியுமா? அதனால காலையில அன்னிக்கு அளவை எடை போட்டு ஒரு டப்பாவுல போட்டுடுவேன். யார் குடுத்தாலும் அதுலேர்ந்துதான். பசிக்கு உப்பில்லாம வேகவெச்ச பீன்ஸ், சுரைக்காய். சாம்பார்ல இருக்கிற காயை எடுத்துப் போட்டுடாதீங்க, வெங்காயம் நாய்க்கு விஷம். திராட்சையும் அப்படித்தான். எங்க நாய்ப் பொண்ணு 38 கிலோவுலேர்ந்து 31க்கு வர ஏழு மாசம் ஆச்சு.

ராணிப்பேட்டை_ரெண்டுநாய்:
அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணு. ரத்தத்துல தைராய்டு ஒரு தடவை பாத்துடுங்க சார், அதுல கோளாறு இருந்தா நீங்க தலைகீழா நின்னாலும் இறங்காது. வாரத்துக்கு உடம்பு எடையில நூத்துக்கு 1, 2 பங்கு இறங்கினா போதும், உங்களுக்கு 400லேர்ந்து 800 கிராம். அவசரப்பட்டு அரைப்பட்டினி போட்டா சத்து குறைஞ்சுடும். ரொம்பக் குறைக்கணும்னா எடை குறைக்கன்னே இருக்கிற தீவனத்தை டாக்டரைக் கேட்டு மாத்துங்க.

அந்தப் பாவப் பார்வையை நம்பாதீங்க. லேப்ல நாலுல ஒண்ணுக்கு பி.ஓ.எம்.சி.ங்கற மரபணுவுல ஒரு துண்டு இல்லாம இருக்குன்னு 2016ல கண்டுபிடிச்சாங்க. அதுங்களுக்குப் பசி சாமானியமா அடங்காது. 48 லேப் குட்டிங்களை ஜோடி பிரிச்சு, பாதிக்கு நாலுல ஒரு பங்கு குறைச்சே கடைசி வரைக்கும் போட்டுப் பாத்திருக்காங்க. குறைச்சுத் தின்னதுங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூடுதலா உயிரோட இருந்துச்சுங்க.

சத்துவாச்சாரிவாசி:
அக்கா, எடை போட்டேன். நம்ம கிண்ணம் 165 கிராம்! நானும் கோபுரக் கட்சிதான் போல. அம்மாவைக் கேட்டா "நான் ஒண்ணுமே குடுக்கலையே"ன்னாங்க. உண்மைதான். சாயந்திரம் இவனைக் கூட்டிட்டுப் போற பக்கத்து வீட்டுப் பையன்தான் மாட்டினான். முக்குல இருக்கிற டீக்கடையில தினம் ரெண்டு பொறையாம், கடைக்காரரே ஆசையாக் கூப்பிட்டுப் போடுறாராம். அம்மாவுக்கு டப்பா சரி. டீக்கடைக்காரர்கிட்ட பீன்ஸ் பொட்டலம் குடுத்து வெச்சா தப்பா நினைப்பாரா?