2021 டிசையர் ஏஜிஎஸ்ஸா, அமேஸ் சிவிடியா? தினசரி ஓஎம்ஆர் ஓட்டத்துக்கு

மேடவாக்கம்_எஸ்:
வணக்கம். சென்னை மேடவாக்கத்திலிருந்து ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) இருக்கிற சிறுசேரி சிப்காட், போக வர 40 கி.மீ.க்குள். சோழிங்கநல்லூர் தாண்டினால் மெட்ரோ வேலை நடக்கிற ரோடு, முதல் கியர், இரண்டாவது கியர்தான். மாசம் ஒரு தடவை அப்பா அம்மாவோட திருவண்ணாமலை. ஆறரை லட்சத்துக்குள் செகண்ட் ஹேண்ட் செடான் பார்க்கிறேன். 2021 மாருதி டிசையர் விஎக்ஸ்ஐ வேரியன்ட் ஏஜிஎஸ் (கிளட்ச் பெடல் இல்லாத கியர்) ஒண்ணு, 2021 ஹோண்டா அமேஸ் சிவிடி (கியர் படிகளே இல்லாத, பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) ஒண்ணு. ரெண்டும் பெட்ரோல், 50,000 கி.மீ.க்குள் ஓடினது. ஏஜிஎஸ் கிளட்ச் இந்த டிராஃபிக்கில் தாங்குமா? நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்கணும்?

குரோம்பேட்டை_கியர்:
தாங்கும், ஓட்டுகிற முறை சரியாக இருந்தால். ஏஜிஎஸ் என்பது முழு ஆட்டோமேட்டிக் இல்லை. உள்ளே இருப்பது மேனுவல் டிசையரில் வரும் அதே 5 கியர் பெட்டி, அதே உலர் கிளட்ச். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற தானியங்கிக் கருவி செய்கிறது, அவ்வளவுதான். அதனால் மேனுவலில் கிளட்சைத் தேய்க்கிற எல்லாமே இதையும் தேய்க்கும்.

பிரேக்கை லேசாக விட்டு வண்டியை ஊர்ந்து போக விடுகிறீர்களே, அந்த நேரம் முழுக்க கிளட்ச் அரைகுறையாகத்தான் பிடித்திருக்கும். அங்கேதான் சூடேறுகிறது. முன்னால் ஒரு கார் நீளம் இடம் கிடைக்கும் வரை பிரேக்கை முழுசாக மிதித்து நில்லுங்கள், பிறகு ஒரே நகர்வாகப் போங்கள். பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை வைத்தே வண்டியைப் பிடித்து நிறுத்துவதுதான் கிளட்சைக் கொல்லும் பழக்கம். சரிவில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் இருக்கிறது, ஆனால் சில விநாடிகள்தான் பிடிக்கும். அதற்கு மேல் நிற்க வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக். கியர் மாறும்போது தலை முன்னால் ஆடுவது பிடிக்கவில்லையா, மாறுகிற நொடியில் ஆக்சிலரேட்டரை இம்மி தளர்த்துங்கள், பாதி குலுக்கல் போய்விடும். திண்டிவனம் தாண்டி திருவண்ணாமலை ரோட்டில் லாரியை முந்தும்போது முன்கூட்டியே எம் (மேனுவல்) மோடுக்குத் தள்ளி ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள். டி-யில் விட்டுவிட்டு அழுத்தினால் அது யோசித்து இறக்குவதற்குள் எதிர் வண்டி வந்துவிடும்.

பார்க்கப் போகும்போது ஒரு அடுக்குமாடி பேஸ்மென்ட் சரிவைத் தேடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சரிவின் நடுவில் நிறுத்தி, முன்பக்கமாக ஒரு முறை, ரிவர்ஸில் ஒரு முறை மெதுவாக ஏற்றுங்கள். அதிர்வு, கருகல் வாடை, ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறியும் வண்டி ஏறாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் கிளட்ச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். புது கிளட்ச் போட்டால் அது பிடிக்கும் இடத்தை ஸ்கேனர் வைத்துத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஸ்கேனர் இல்லாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

மதுரை_அமேஸ்:
மேலே சொன்ன அத்தனை ஜாக்கிரதையும் வேண்டாம் என்றால் சிவிடிதான் உங்கள் பாதைக்கு. கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இருப்பதால் ஊர்ந்து போவது அதற்கு இயல்பு, குலுக்கலே கிடையாது. பின் சீட்டில் கால் நீட்டும் இடமும் தாராளம், டிக்கி 420 லிட்டர் (டிசையர் 378). அப்பா அம்மா உட்காரப் போகிறார்கள் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

அழுத்தினால் முதலில் ஆர்பிஎம் ஏறி நிற்கும், வேகம் பின்னால் வரும். அது சிவிடியின் குணம், பழுது இல்லை. பழுது எப்படித் தெரியும்? சூடான பிறகு டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றுங்கள். ஒரு நொடிக்கு மேல் தாமதித்து, பிறகு உதைத்துப் பிடித்தால் விட்டுவிடுங்கள். சிவிடி ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் கேளுங்கள். ஹோண்டாவின் சிவிடி ஆயிலான எச்சிஎஃப்-2 தவிர வேறு எதையாவது ஊற்றியிருந்தால் பெல்ட் வழுக்கும், பெட்டியே போகும். பில் இல்லாத சிவிடியை எவ்வளவு விலை குறைத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

மேடவாக்கம்_எஸ்:
ரொம்ப நன்றி அண்ணே, ரெண்டு பேருக்கும். மைலேஜ் வித்தியாசம் எவ்வளவு வரும்? பள்ளிக்கரணை பக்கம் மழைத் தண்ணியும் ஒரு கவலை.

தாம்பரம்_சர்வீஸ்:
வாகனச் சோதனை நிறுவனமான ஏஆர்ஏஐ கணக்கு லிட்டருக்கு டிசையர் ஏஜிஎஸ்ஸுக்கு 24.12 கி.மீ., அமேஸ் சிவிடிக்கு 18.3. ஏசி போட்டு அந்த ரோட்டில் முறையே 15, 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓட்டம் மாசம் 1,200 கி.மீ. வரும். 80 லிட்டருக்கு எதிராக 100 லிட்டர், ஏறக்குறைய 2,000 ரூபாய் வித்தியாசம். மீட்டர் காட்டுவதை நம்பாமல், ஒரே பெட்ரோல் பங்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பிக் கணக்குப் போடுங்கள்.

டிசையரில் 2020க்குப் பிறகு சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் வசதி உண்டு. அதற்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈஎஃப்பி வகை பேட்டரி வேண்டும். பழைய ஓனர் சாதாரண பேட்டரி மாட்டியிருந்தால் சீக்கிரம் உயிரை விடும், பானட்டைத் திறந்து லேபிளைப் படியுங்கள். இன்ஜின் ஆயில் 0டபிள்யூ-16. விஎக்ஸ்ஐ டயர் 165/80 ஆர்14. மாற்றும்போது ஒரிஜினல் 15 அங்குல வீலோடு 185/65 ஆர்15 போடலாம், மொத்த விட்டத்தில் 2 மி.மீ. தான் வித்தியாசம் என்பதால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. இரண்டுமே இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கான தரம் வந்த 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள். இ20 பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையும். சர்வீஸில் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் சீல்களை ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

டிசையரின் டாக்ஸி மாடலான டூர் எஸ்-ல் ஏஜிஎஸ் வந்ததே இல்லை, ஆனாலும் டாக்ஸியாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாறிய விஎக்ஸ்ஐ இருக்கலாம். ஆர்சி விவரத்தை பரிவாஹன் என்ற அரசு இணையதளத்தில் பாருங்கள். பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்து ஓடோமீட்டர் மட்டும் 40,000 சொன்னால் நம்ப வேண்டாம்.

தண்ணி பாதி சக்கரத்துக்கு மேல் இருந்தால் எந்த செடானையும் இறக்காதீர்கள். உள்ளே இன்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டரில் தண்ணி இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், சாதாரண இன்சூரன்ஸ் அந்தச் செலவைத் தராது. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்து எடுங்கள், தள்ளி வெளியே கொண்டுவந்து டோ வண்டிக்குச் சொல்லுங்கள்.

சிவிடிக்கு பில் முழுசாக இருந்தால் அமேஸ். இல்லையென்றால் சரிவில் தேறிய டிசையர்.