சரித்திர நாவலைத் தவிர வேறு எதுவும் ஓடமாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

சிரியத்துக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு பர்மாவில், ரங்கூன் பக்கத்துச் சிரியத்தில், வேலை ரங்கூன் பயின்னவுங் சந்தையில். ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். உளுந்தும் துவரையும் பகலெல்லாம். போகவும் வரவும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் கதை படிப்பதுதான் எனக்குள்ள ஒரே பொழுதுபோக்கு.

படிப்பது சரித்திர நாவல் மட்டும். பொன்னியின் செல்வனை எத்தனை தடவை முடித்தேன் என்று எனக்கே தெரியாது. சிவகாமியின் சபதம், பார்த்திபன் கனவு, அப்புறம் சாண்டில்யனின் யவன ராணி, கடல் புறா. கடல் புறாவில் கப்பல் கடாரத்துப் பக்கம் வந்ததும் நம்ம ஊர் வாசலுக்கே வந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

சிக்கல் என்னவென்றால் நல்லதெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சம் கிடைப்பவற்றில் அதே குதிரை, அதே சுரங்கப்பாதை, அதே முத்திரை மோதிரம். பிச்சைக்காரன் வேஷத்தில் வருகிறவன் இளவரசன் என்று இருபதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

வேறு வகையும் எடுத்துப் பார்த்தேன். அக்காள் மகள் சென்னையிலிருந்து ஒரு நாவல் கொண்டுவந்தாள், பெரிய பரிசு வாங்கியதாம். அதில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கிறார், யோசிக்கிறார், எழுந்திருக்கவே இல்லை. துப்பறியும் கதை ஒன்றில் முதல் பக்கத்திலேயே கொலை. செத்த ஆள் யாரென்றே தெரியாதபோது எனக்கு எப்படிக் கவலை வரும்? அறிவியல் கதை பக்கம் இன்னும் போகவில்லை, பயமாக இருக்கிறது.

எங்கே தொடங்கலாம்? ஒரு வேண்டுகோள்: மாமியார் மருமகள் கதை வேண்டாம், அது வீட்டிலேயே நடக்கிறது.

பெகு சயாமா:

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பிடித்தது சரித்திரமா? ராஜராஜன் பட்டம் ஏறிய ஆண்டு 985 என்பதற்காகவா ராத்திரி கண் விழித்தீர்கள்?

பொன்னியின் செல்வன் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான். அவனுக்கு அந்த நாடு புதிது, நமக்கும் புதிது. அன்று ராத்திரியே கடம்பூர் மாளிகையில் மறைந்திருந்து, கேட்கக் கூடாத பேச்சைக் கேட்டுவிடுகிறான். வெளியூர்க்காரன் ஒருவன் பெரிய வீட்டுக்குள் நுழைகிறான், அங்கே எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள். இது துப்பறியும் கதையின் வாசற்படி அல்லாமல் வேறென்ன? கடைசியில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொன்னாரா? இல்லை. ஐந்து பாகம் படித்துவிட்டு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்கள் இத்தனை காலமாகத் திரும்பத் திரும்பப் படிப்பது தீர்ப்பு வராத ஒரு கொலை வழக்கு, தம்பி.

அதனால் புது வகைக்குப் போகும்போது அந்த வகையின் தலைசிறந்த புத்தகம் எது என்று கேட்காதீர்கள். ஒரு கால் உங்கள் பக்கம் வைத்திருக்கிற புத்தகம் எது என்று கேளுங்கள். அக்காள் மகள் கொண்டுவந்தது நல்ல நாவலாகவே இருக்கலாம். ஆனால் அது அந்த வகையில் ஊறியவர்கள் பரிசு கொடுத்த புத்தகம், புதிதாக வருகிறவரை வரவேற்க எழுதியது அல்ல.

எனக்குத் தெரிந்த நல்ல பாலம் சுஜாதா. அவருடைய ரத்தம் ஒரே நிறம் 1857 கலகத்தை வைத்து எழுதியது. உங்கள் சரித்திரம்தான், ஆனால் வாக்கியம் உங்களுக்குப் பழக்கமில்லாதது: குட்டை, வேகம், வர்ணனை கம்மி. அந்த நடை பிடிபட்டதும் கொலையுதிர் காலம் எடுங்கள். பெரிய பண்ணை வீடு, சொத்துக்கு வாரிசான ஒரு பெண், நடப்பதெல்லாம் பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுபறி. கணேஷ், வசந்த் என்று இரண்டு வக்கீல்கள். வசந்த் பேச ஆரம்பித்தால் உங்களுக்கு வந்தியத்தேவன் நினைவு வராமல் போகாது.

அறிவியல் கதைக்குப் பயப்பட வேண்டாம். என் இனிய இயந்திராவை 1980களில் எழுதினார், கதை நடப்பது 2021-இல். நாம் தாண்டி வந்துவிட்ட வருஷம்! ஜீவா என்று ஒரு சர்வாதிகாரி, அரண்மனைச் சதி, உள்ளே நுழையப் பார்க்கிற கலகக்காரர்கள். ஒற்றன் வேலை பார்ப்பது ஜீனோ என்கிற இயந்திர நாய். ஆழ்வார்க்கடியான் நம்பியைவிட அதிகம் வாய் பேசும். குதிரை இல்லையே தவிர மற்றதெல்லாம் நீங்கள் அறிந்த சரக்குதான்.

திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கிற நாவலுக்கும் வழி இருக்கிறது. பிரபஞ்சனின் மானுடம் வெல்லும். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பிலிருந்து பிறந்த நாவல். பிள்ளை வியாபாரி. எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன, எவன் எவனுக்கு லஞ்சம் கொடுத்தான் என்று எல்லாவற்றையும் குறித்தவர். கணக்கு எழுதுகிற உங்களுக்கு அவர் உடனே சொந்தக்காரர் ஆகிவிடுவார். அதில் ராஜாக்கள் ஓரமாக நிற்பார்கள், தாசியும் கூலிக்காரனும் நடுவில் வருவார்கள். அந்த மாற்றம் ருசித்துவிட்டால் கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமத்துக்குத் தாராளமாகப் போகலாம். திண்ணை அங்கேயும் உண்டு, ஆனால் உட்கார்ந்திருக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், கதை சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

மோல்மீன் மெக்கானிக்:

சயாமா சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதி வழியில் இவர் மறுபடி கல்கிக்கே ஓடிவிடுவார். எனக்கு ஆளைத் தெரியாது, ரகத்தைத் தெரியும்.

அண்ணே, நாவலையே கொஞ்ச நாள் விடுங்கள். சிறுகதை படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் நஷ்டம் கால் மணி நேரம்தான், ஐந்து பாகம் வாங்கி வைத்துவிட்டோமே என்ற உறுத்தல் கிடையாது. புதுமைப்பித்தன் ஒருவரிடமே எல்லாக் கடையும் இருக்கிறது. பேய்க்கதைக்குக் காஞ்சனை, கிண்டலுக்குக் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும், தோட்டக்காட்டுக்குப் போன நம் ஜனங்கள் பட்ட பாட்டுக்குத் துன்பக்கேணி. பழைய பாண்டிய நாடு வேண்டுமென்றால் கபாடபுரம், ஆனால் சாண்டில்யன் மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். கரண்ட் இருக்கும்போது இறக்கிவிடுங்கள், அப்புறம் நெட் தேவையில்லை.

காஞ்சனையை மட்டும் பகலில் படியுங்கள். அதில் பேய் வந்ததா இல்லையா என்றே கடைசிவரை சொல்ல மாட்டார். எங்கள் பட்டறைக்கு எதிர்வீட்டில் பர்மியக் குடும்பம், கூடத்து மூலையில் மகாகிரி ‘நாட்’ என்கிற வீட்டுக் காவல் தெய்வத்துக்குத் தேங்காய் கட்டியிருக்கும், தலையில் சிவப்புத் துணி. பல வருஷமாகப் பார்க்கிற தேங்காய்தான். அந்தக் கதை படித்த அன்று ராத்திரி மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் ஷட்டரை இறக்கிவிட்டு வந்தேன்.

பான்சோடான் பழசு:

இத்தனை பேர் பேசினீர்கள், ஒருவரும் பர்மியப் புத்தகம் என்று வாய் திறக்கவில்லையே! இங்கே பிறந்து, இங்கே சந்தையில் பர்மிய மொழியில் பேரம் பேசி, கதை மட்டும் சென்னையிலிருந்து விமானம் ஏறி வர வேண்டுமா? 1960களில் பள்ளிக்கூடங்களெல்லாம் அரசிடம் போன பிறகு படித்த தலைமுறைக்குத் தமிழைவிடப் பர்மிய எழுத்துதான் கண்ணுக்கு வேகம்.

துப்பறியும் கதைக்கு ஷ்வே ஊ டௌங் எழுதிய மௌங் சான் ஷா. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எடுத்து, லண்டனைக் கழற்றிவிட்டு ரங்கூனை மாட்டினார். வெள்ளைக்காரன் காலத்து ரங்கூன், நாம் தினமும் நடக்கிற தெருக்கள். செத்த ஆள் யாரென்று தெரியவில்லை என்று குறைப்பட்டீர்களே, இதில் செத்தவனைத் தெரியாவிட்டாலும் அவன் செத்த தெரு தெரியும். தழுவல் என்று முகம் சுளிக்க வேண்டாம். பர்மிய மொழியின் முதல் நாவலே, 1904-இல் வந்தது, ஒரு பிரெஞ்சு நாவலின் தழுவல்தான். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியாரும் இதையேதான் செய்தார்.

குடும்பக் கதை வேண்டாம் என்றீர்கள், அதைக் காதில் வாங்காமல் ஒன்று சொல்கிறேன். ஜர்னல்ஜோ மா மா லே 1955-இல் எழுதிய மொன் யுவே மஹூ. அரிசித் தரகர் வீட்டுப் பெண்ணை, வெள்ளைக்காரர் கம்பெனியில் இருக்கிற, வெள்ளைக்காரராகவே வாழ்கிற ஒரு பர்மியர் கட்டுகிறார். அன்பு என்ற பெயரில் அவளைச் சாப்பாட்டிலிருந்து உடுப்புவரை மாற்றுகிறார். மாமியார் இல்லை, பயப்படாதீர்கள்.

தமிழில்தான் வேண்டுமென்றால் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. சுமத்ராவின் மேடானில் ஜப்பான்காரன் நுழைவதில் தொடங்குகிறது. நம் தாத்தாக்கள் பார்த்த அதே யுத்தம், கடல் தாண்டி. குடித்துவிட்டுச் சிலப்பதிகாரம் பேசுவார்கள். முதல் சில அத்தியாயம் தலை சுற்றும், சுற்றட்டும். அதோடு 1942-இல் நடந்தே இந்தியா போனவர்களைப் பற்றி அறிய வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயணம். அது கதை அல்ல, நடந்தது. இங்கே ஜோதி பத்திரிகை நடத்தியவர், அவரே நடந்தார்.

தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலை யாரும் சொல்லவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம். காலைத் தூக்கி மேசைமேல் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தே வழக்கை முடிக்கிறவர், நம்ம ஊர் டீக்கடைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

சிரியத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் தம்பி சொன்னபடி காஞ்சனையை பஸ்ஸில் படித்தேன், இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. கதை பிடித்ததா என்றால் தெரியவில்லை. பேய் உண்டா இல்லையா என்று மண்டியில் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன், அவர்களும் படித்துவிட்டு ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சயாமா, கரிகாலன் விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, பதிலும் வரவில்லை. மானுடம் வெல்லும் வாங்கி அனுப்பச் சொல்லி அக்காள் மகளுக்கு எழுதியிருக்கிறேன். இயந்திர நாய் அதற்குப் பிறகு.

பழசு ஐயா, மௌங் சான் ஷா எங்கே கிடைக்கும்? எங்கள் பக்கத்துப் புத்தக வாடகைக் கடையில் இப்போது காதல் கதைதான் நிரம்பியிருக்கிறது.

பான்சோடான் பழசு:

ரங்கூன் பான்சோடான் தெரு நடைபாதைக் கடைகளில் பழைய பிரதி தேறும். மேல் அடுக்கில் கேட்காதீர்கள், கீழே குவித்துப் போட்டிருப்பதில் கிளறுங்கள். சாயங்காலம் மழைக்கு முன்னால் தார்ப்பாய் இழுக்கிற நேரம் போனால் விலை இறங்கும். சங்கர்லால் கண்ணில் பட்டால் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள், காசு தருகிறேன்.