சுவான்சோ போகிறவர்கள் கோயிலின் பின்பக்கம் பார்க்காமல் திரும்பாதீர்கள்

போன ஜனவரியில் மகளைப் பார்க்கச் சீனா போயிருந்தேன். அவள் சியாமென்னில் படிக்கிறாள். "அம்மா, எனக்காக ஒரே ஒரு நாள் ஒதுக்கு, உன்னை ஓர் ஊருக்குக் கூட்டிப் போகிறேன்" என்றாள். விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். ஊரின் பெயர் சுவான்சோ. குவாங்சோ என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு ஊர். இது ஃபூஜியன் மாகாணத்துக் கடற்கரையில் இருக்கிறது. பினாங்கில் நான் வளர்ந்த தெருவில் பாதி வீடு ஹொக்கியன்காரர்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் எல்லாம் இந்தக் கரையோரத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளோடு விளையாடியே எனக்கும் அந்தப் பேச்சு ஓரளவு வரும்.

பனி கொட்டும் ஊர் இல்லை இது. அன்று பத்துப் பன்னிரண்டு டிகிரி இருந்திருக்கும். ஆனால் காற்று! வடகிழக்கிலிருந்து ஈரத்தோடு வந்து சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தொடுகிறது. வாடை என்ற சொல்லைப் பள்ளியில் பாட்டில் படித்தது. உடம்பில் உணர்ந்தது அன்றைக்குத்தான். ரயில் நிலையத்து வாசலில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கும்போது மகள் சொன்னாள்: "இந்தக் காற்றுதான் அம்மா இந்த ஊருக்குச் சோறு போட்டது." பாய்மரக் கப்பல்கள் இந்தக் காற்றைப் பிடித்துத் தெற்கே போகும், வெயில் காலத்தில் தென்மேற்குக் காற்றைப் பிடித்துத் திரும்பும். நகருக்கு வெளியே ஜியூரி என்று ஒரு குன்று. சோங் அரச வம்சத்துக் காலத்து அதிகாரிகள் அங்கே போய் நல்ல காற்று வேண்டும் என்று வழிபட்டு, அதைப் பாறையில் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. எங்களுக்கு அங்கே போக நேரமில்லை.

காலைச் சாப்பாடு மேற்குத் தெருவில். மெல்லிய சேமியாவைக் கரையக் கரைய வேகவைத்துக் கூழ் மாதிரி தருகிறார்கள். பினாங்கில் பிறந்தநாளுக்குச் செய்கிற அதே மீ சுவாதான், இங்கே கஞ்சியாக வருகிறது. மேலே என்ன வேண்டுமோ கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். நான் சிப்பி போட்டுக்கொண்டேன், குளிர்காலச் சிப்பிக்குத் தனி ருசி. கடைக்கார அம்மா கடைசியில் வெள்ளை மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவினார். இந்த மிளகை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

அப்புறம் கைய்யுவான் கோயில். 686இல் தொடங்கிய புத்தர் கோயில். இடம் ஒரு செல்வந்தரின் மல்பெரித் தோட்டமாக இருந்ததாம். மல்பெரி மரத்தில் தாமரை பூத்தால் தருகிறேன் என்றாராம், பூத்ததாம். கதைக்குச் சாட்சியாக ஒரு கிழட்டு மல்பெரி மரம் முட்டுக்கொடுத்து நிற்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு கல் கோபுரங்கள். 1228 முதல் 1250 வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லில் கட்டியவை. 1604இல் வந்த பெரிய நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கின்றன. எல்லாரும் அவற்றைத்தான் படம் பிடிக்கிறார்கள். நானும் பிடித்தேன். பெரிய மண்டபத்துக்குள் தூண் உச்சியில் இறக்கையோடு பெண்கள், கையில் வாத்தியங்கள், நம் கின்னரி மாதிரி. அதையும் பார்த்துவிட்டுக் கூட்டம் வந்த வழியே திரும்பிவிடுகிறது. நீங்கள் திரும்பாதீர்கள். மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள்.

அங்கே பின் தாழ்வாரத்தில் இரண்டு தூண்கள். மற்றவை எல்லாம் வேறு மாதிரி, இந்த இரண்டு மட்டும் பச்சை கலந்த சாம்பல் நிறக் கல், பதினாறு பட்டை. பார்த்த மாத்திரத்தில் இது நம் கை என்று தெரிந்துவிட்டது. பட்டைகளுக்கு நடுவே சதுரம் விட்டு, சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் சிற்பம். ஒன்றில் மரத்தின் மேல் கண்ணன். கீழே பெண்கள் சேலையைக் கேட்டுக் கைகூப்பி நிற்கிறார்கள். இன்னொன்றில் நரசிம்மர், மடியில் இரணியன். இன்னொன்றில் உரலோடு கட்டுண்ட குழந்தை இரண்டு மரங்களுக்கு நடுவே. நான் வாய்விட்டு "கண்ணா" என்றுவிட்டேன். அதே தூணில் வேறொரு வட்டத்தில் பந்து உருட்டும் சீனச் சிங்கங்கள். இரண்டும் ஒரே கல்லில், ஒரே அளவு வட்டத்தில் இருக்கின்றன. செதுக்கியவர் சீனரா, நம்மவர் சொல்லச் சொல்லச் செதுக்கினாரா என்று நெடுநேரம் யோசித்தேன். முகங்கள் சற்று உருண்டை, கண்கள் நீளம். ஆனால் உரலை இழுக்கும் குழந்தையின் முழங்கால் மடிந்த விதம் நம் ஊர்த் தேர்ச்சிற்பத்தில் இருப்பது போலவே.

விவரம் இதுதான். இங்கே தமிழ் வணிகர்கள் குடியிருந்து சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள். 1956இல் இந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம் சித்திரை நாள், அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள், சீனப் பேரரசனாக இருந்த குப்ளாய் கானின் ஆணைப்படி, அந்தக் கானின் உடல்நலத்துக்காக இறைவனை எழுந்தருளச் செய்தார் என்று சொல்கிறது. கானுக்குத் தமிழில் 'செகாசைகான்' என்று பெயர். கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. அந்தக் கானின் வம்சமான யுவான் ஆட்சியின் முடிவில் இந்த ஊரில் பத்தாண்டுக் கலகம் நடந்தது. அயல்நாட்டு வணிகர் குடியிருப்புகள் அழிந்தன. கோயிலும் போயிற்று. பிறகு, அடுத்து வந்த மிங் வம்சத்துக் காலத்தில் புத்தர் மண்டபத்தைப் பழுதுபார்த்தபோது, இடிந்த கோயிலின் கல்லை எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள். முன்மேடையின் அடியிலும் மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கு மேல் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, அவையும் அந்தக் கோயிலுடையவையே. செதுக்கிய பக்கத்தை உள்ளே திருப்பிப் பூசி மறைக்கவில்லை. கண்ணனை வெளியே பார்க்கும்படி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் மனத்தில் நின்றது.

பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பாட்டி ஊதுபத்தியோடு நின்றார். நான் தூணையே பார்ப்பதைப் பார்த்து "எங்கிருந்து?" என்று ஹொக்கியனில் கேட்டார். பினாங்கு என்றேன். அவர் பேச்சின் இழுப்பு வேறு, எங்கள் ஊர்ப் பேச்சு வேறு, இருந்தாலும் புரிந்தது. அடுத்த கேள்வி "ஜியாக் பா பொய்?" சாப்பிட்டாயிற்றா என்று. எங்கள் தெருவில் ஆ மா, அதாவது ஹொக்கியன் பாட்டி, கேட்பது போலவே இருந்தது. தூணைக் காட்டி "உங்கள் சாமியா?" என்றார். ஆமாம், குழந்தைச் சாமி, வெண்ணெய் திருடும் என்றேன். வெண்ணெய்க்கு ஹொக்கியனில் சொல் தெரியாமல் பால் என்று சொல்லிவிட்டேன். பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

கோயில் வளாகத்திலேயே ஒரு பழைய கப்பலை வைத்திருக்கிறார்கள். 1974இல் சுவான்சோ விரிகுடாச் சேற்றிலிருந்து எடுத்தது, சோங் காலத்தின் கடைசியில் மூழ்கியது. மிஞ்சியதே 24 மீட்டர் நீளம். உள்ளே வாசனைக் கட்டைகள், சாம்பிராணி, சோழி, அப்புறம் மிளகு. அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் இந்தத் துறைமுகத்துக்கு நூறு வருகிறது என்று மார்கோ போலோ எழுதிவைத்தாரே, அந்த மிளகு. அவரும் அரபிகளும் இந்த ஊரை சைத்தூன் என்றார்கள். அது சீனப் பெயரான 'சித்தோங்' என்பதன் திரிபு. சித்தோங் என்றால் என்ன மரம் என்று மகளிடம் கேட்டேன். கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். கல்யாண முருங்கை! ஊரைச் சுற்றி அதை நட்டிருந்தார்களாம், அதனால் வந்த பெயர். நம் மலைப்பக்கத்தில் மிளகுக்கொடி ஏற்றுகிற மரம் அது. அந்தக் கப்பலில் வந்த மிளகின் கொடியும் ஏதோ ஒரு கல்யாண முருங்கையைப் பற்றித்தான் ஏறியிருக்குமோ என்று நினைத்தபோது ஒரு மாதிரி சிலிர்ப்பு.

மதியம் வேகமாகப் போயிற்று. 1009இல் கட்டிய சிங்ஜிங் பள்ளிவாசலில் தொழுகை மண்டபத்துக்குக் கூரை இல்லை, கற்சுவர்களுக்கு நடுவே வானம்தான். இரண்டடி தள்ளிச் சீனர்களின் போர்த்தெய்வமான குவான் தி கோயிலில் ஊதுபத்திப் புகை மேகமாக எழுகிறது. அங்கிருந்து கடல்சார் அருங்காட்சியகம். அரபு எழுத்துக் கல்லறைகள், தாமரை மேல் சிலுவை நிற்கும் கற்கள், நம் கோயில் கற்கள் என்று ஒரு பெரிய கூடம். இந்த ஊரில் முந்நூறுக்கு மேல் இப்படி நம் கோயில் சிற்பங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் லிங்கத்துக்கு ஒரு யானை துதிக்கையால் பூ வைக்கிறது. திருவானைக்கா! காவிரிக்கரைக் கதையைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் செதுக்கச் சொன்னவர் எந்த ஊர்க்காரரோ. அந்தக் கல்லின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். காவலர் வந்து மூடும் நேரம் என்று சைகை காட்டினார்.

அந்த ஊருக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் விட்டது நிறைய இருக்கும்.

* * *

அக்கா, நான் தூத்துக்குடி. கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை. சியாமென்னில் எங்கள் கப்பல் நான்கு நாள் நின்றபோது ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு இந்த ஊருக்குப் போனேன், டிசம்பர் மாதம். தூணை நானும் பார்த்தேன், ஆனால் எனக்கு அந்தக் கப்பல்தான். 12 தடுப்புச் சுவர் வைத்து 13 அறையாகப் பிரித்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றது காப்பாற்றும். இன்றைக்கு நான் வேலை பார்க்கிற இரும்புக் கப்பலிலும் அதே ஏற்பாடுதான். 700 வருடத்துக்கு முன்னால் மரத்தில் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று. கப்பலின் அடிமரமான ஏராக்கட்டை இணையும் இடத்தில் ஏழு சின்னக் குழி குடைந்து காசு வைத்திருக்கிறார்கள், ஏழு நட்சத்திரக் கணக்கு. அதன் அருகே பெரிய குழியில் ஒரு வெண்கலக் கண்ணாடி. எங்கள் தாத்தா தோணி கட்டுகிற ஓடாவி. ஏரா போடுகிற அன்றைக்குப் பூசை போட்டு, முதலாளி தருகிற காசை மரத்துக்குள் வைத்து அடைத்துவிடுவார். அதற்கப்புறம் அந்தக் காசை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தக் குழிகளைப் பார்த்ததும் தாத்தா ஞாபகம் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

* * *

இரண்டு பேருக்கும் வணக்கம். வேலை காரணமாக அந்தப் பக்கம் ஒன்றரை வருடம் இருந்தேன். அக்கா, மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் வாள் பிடித்த குரங்கு ஒன்று இருக்கிறது. 1230களில் செதுக்கியது. சீனர்களின் குரங்கு அரசன் கதை நாவலாக வந்தது அதற்கு 300 வருடத்துக்கு மேல் கழித்து. அனுமாருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று அறிஞர்கள் இன்னும் பேசுகிறார்கள். அடுத்த முறை தொலைநோக்கி கொண்டு போங்கள்.

குளிர்காலத்தில் லோயாங் பாலத்துக்கும் போக வேண்டும். 1053 முதல் 1059 வரை கட்டிய கல் பாலம். ஆற்று முகத்தில் அலை அடித்துக் கல் நகராமல் இருக்க, தூண் அடியில் சிப்பியை வளர்த்து ஒட்டவைத்திருக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்டீர்களே, அதே சிப்பி வகைதான். நீர் வடிந்த நேரத்தில் போனால் கல்லெல்லாம் சிப்பி அப்பியிருப்பது தெரியும். பெண்கள் சேற்றில் குனிந்து அன்றாடச் சிப்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு மறக்க முடியாதது சிதியன் என்ற ஊர், நகரத்துக்குத் தெற்கே. அங்கே ஒரு சின்னக் கோயிலில் நான்கு கையோடு நம் அம்மன் சிலை, காலடியில் ஒரு அசுரன். ஊர்க்காரர்களுக்கு அவள் குவான் யின், சீனர்களின் கருணைத் தெய்வம். தினமும் பழம் வைத்துப் பத்தி ஏற்றுகிறார்கள். என் நெற்றியில் பொட்டைப் பார்த்த ஒரு அம்மா கையைப் பிடித்து அழைத்துப் போய் முன்னால் நிறுத்தினார். அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். இவள் முகத்தில் மட்டும் ஊதுபத்திக் கரி படிந்திருக்கிறது.

* * *

தம்பி, அந்தக் காசுக் குழிகளை நான் பார்க்கவே இல்லை. மிளகிலேயே மனம் போய்விட்டது. தாத்தாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி, மகளுக்கும் படித்துக் காட்டினேன்.

தங்கச்சி, சிதியன் போக எங்கே பஸ் ஏற வேண்டும் என்று சீன எழுத்தில் எழுதிப் போடுங்கள். வருகிற தைப்பூசத்துக்குப் பிறகு மறுபடி போகிறோம், வாடை இன்னும் அடித்துக்கொண்டிருக்கும் நாளில். அம்மனுக்குத் தேங்காய் கொண்டு போகலாமா, அங்கே வழக்கம் எப்படி? இல்லையென்றால் ஆரஞ்சு வாங்கிக்கொள்கிறேன்.