ஃபேஜ் டெஸ்ட் செய்தவர்கள், செய்துகொண்டவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

நானே ஆரம்பிக்கிறேன். ஃபேஜ் என்றால் பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ், அதை வைத்துக் கிருமி எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த டெஸ்ட். கால்நடை நோயறிதல் லேபில் வேலை. முந்தின நாள் சாயங்காலம் வரை மேய்ந்த மாடு விடிந்ததும் செத்துக் கிடந்தது, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம். இந்தக் கோலத்தைப் பார்த்தால் கத்தியையே தொடக்கூடாது. உடலைத் திறந்து காற்றுப் பட்டால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமி வித்தாக மாறி வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். காது ரத்தக்குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம் மட்டும் எடுத்து வந்தோம்.

கல்ச்சரில், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்ததில், சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று வளர்ந்தது. அதைப் புதுத் தட்டில் பரப்பி, நடுவில் அடைப்பான் கிருமியைக் கரைக்கும் காமா ஃபேஜ் ஒரு சொட்டு. 1955இல் கண்டுபிடித்தது, இன்றைக்கும் கைகொடுக்கிறது. மறுநாள் காலை தட்டு முழுக்கப் படலம் படர்ந்திருக்க, சொட்டு விழுந்த இடம் மட்டும் விரலால் வழித்த மாதிரி தெளிவாக இருந்தது. பக்கத்திலேயே, அடைப்பான் கிருமி என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றையும் வைத்திருந்தேன், அதிலும் அப்படியே. ஆனாலும் உடனே கையெழுத்துப் போடவில்லை, ஏனென்றால் அடைப்பான் கிருமிக்கு நெருங்கிய சொந்தமான செரியஸ் வகையில் அபூர்வமாகச் சிலவற்றையும் இந்த ஃபேஜ் கரைத்துவிடும். கேப்சூல் சாயம் (கிருமியின் மேலுறையைக் காட்டுவது), பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்ப்பது) எல்லாம் பார்த்த பிறகுதான் ரிப்போர்ட்.

—

நான் மனிதர்கள் பக்கம், மைக்ரோபயாலஜி. ரத்தக் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் ஆனதும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியா, அதிலும் வழக்கமான மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏவா என்று ஃபேஜை வைத்தே சொல்லும் ஒரு கிட்டை 2011இல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதித்தது. இரண்டு குழாய், ஒன்றில் ஆன்டிபயாடிக். மருந்து இருந்தும் ஃபேஜ் பெருகினால் கிருமி சாகவில்லை என்று அர்த்தம், அதாவது எதிர்ப்புள்ளது. கிட்டத்தட்ட 5 மணி நேரம். வழக்கமான முறையில் இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை நோயாளிக்கு வாங்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றிக்கொண்டே இருப்போம்.

—

நான் லேப் ஆள் இல்லை, பால் மாடு வளர்க்கிறேன். ஒரு மாடு நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போனது, கழிச்சலும் நிற்கவில்லை. ஜோன்ஸ் நோயாக (மாட்டின் குடலைத் தாக்கும் பாக்டீரியா நோய்) இருக்கலாம் என்றார் டாக்டர். சாணத்தைக் கல்ச்சருக்குப் போட்டால் மாதக்கணக்கு ஆகுமாம். டி29 என்ற ஃபேஜ் கிருமிக்குள் புகுந்து சில மணி நேரத்தில் உடைத்துவிடும், வெளியே வரும் டிஎன்ஏவைப் பிசிஆரில் பார்க்கலாம், காசநோய்க்கும் இதே வழிதான் என்று விளக்கினார். சரி என்று ரத்தம் எடுத்தோம். அன்றைக்கு அனுப்ப வண்டி கிடைக்கவில்லை, கெட்டுப் போகக்கூடாதே என்று நான் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்! லேபிலிருந்து போன் வந்தது: "ஐயா, இது ஐஸ்கட்டியாக வந்திருக்கிறதே."

—

முதலில் எழுதியவன்தான். போன் போட்டது நாங்களாக இருந்தாலும் ஆச்சரியமில்லை, அவ்வளவு பேர் செய்கிறார்கள். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகலாம், செத்த கிருமிக்குள் ஃபேஜ் பெருகாது. அது மட்டுமா, ரத்தம் ஐஸ்கட்டியானால் கிருமி பதுங்கியிருக்கும் வெள்ளணுவே உடைந்துவிடும், நாங்கள் பிரித்தெடுக்க எதுவும் மிஞ்சாது. அப்புறம் மறுபடி ரத்தம் எடுத்தீர்களா, என்ன வந்தது?

—

எடுத்தோம். பாசிட்டிவ். இப்போது மிச்ச மாடுகளுக்கும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம், ஃப்ரீசர் பக்கம் யாரையும் விடுவதில்லை.