தி பெர்ஃபெக்ட் டிரக் ரீமிக்ஸ் சிடி: கடைசிப் பாட்டு பிழையில்லாமல் ரிப் ஆகவில்லை

நைன் இஞ்ச் நெய்ல்ஸ் இசைக்குழுவின் 'தி பெர்ஃபெக்ட் டிரக்' ரீமிக்ஸ் சிடி, 1997 அமெரிக்கப் பதிப்பு. அதை ரிப் செய்கிறேன், அதாவது பாட்டுகளைக் கணினியில் கோப்புகளாக நகலெடுக்கிறேன். அதில் மூலப் பாடல் கிடையாது, ஐந்து ரீமிக்ஸ் மட்டும்தான். முதல் நான்கும் (மீட் பீட் மேனிஃபெஸ்டோ, பிளக் முதலியோர் செய்தவை) ஆக்யூரேட்ரிப்பில் (மற்றவர்களின் ரிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளம்) சரியாகப் பொருந்துகின்றன. ஐந்தாவதான தி ஆர்ப் ரீமிக்ஸில்தான் சிக்கல். பாதிக்கு மேல் 'டிக் டிக்' சத்தம், ஒவ்வொரு முறையும் வேறு சிஆர்சி (நகலின் சரிபார்ப்பு எண்).

சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் கடைசிப் பாட்டுதான் விளிம்புக்கு அருகில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் அங்கே ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிகின்றன. படிக்கும் பக்கத்தில் கீறல் இல்லை. ஆகவே அலுமினியப் படலமே அரித்திருக்கிறது என்று நினைக்கிறேன். பாலிஷ் போட்டுப் பயனில்லை என்பதால் அதைத் தொடவில்லை.

செய்து பார்த்தவை: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தேன். ஈஏசி (ரிப் செய்யும் மென்பொருள்) செக்யூர் மோடு (திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும் முறை), கேஷ் (டிரைவின் தற்காலிக நினைவகம்) அணைத்து, சி2 (டிரைவ் தரும் பிழை அறிவிப்பு) இல்லாமலும் சேர்த்தும், வேகம் 4எக்ஸ். டிரைவ்கள் எல்ஜி ஜிஎச்24என்எஸ்டி1, ஆசுஸ் டிஆர்டபிள்யூ-24டி5எம்டி. இரண்டாவதில் பிழை குறைவு, ஆனால் அதே இடங்களில்தான் தடுமாறுகிறது. பிழையுள்ள ரிப்பைச் சரிசெய்ய உதவும் க்யூடூல்ஸ் தரவுத்தளத்தில் இந்த சிடி இருக்கிறது. ஆனால் வித்தியாசம் அதிகம், சரிசெய்ய முடியாது என்கிறது. பிழை இன்னும் கொஞ்சம் குறைந்தால் அதுவே மீதியைச் சரிசெய்துவிடும், அதனால்தான் விட மனமில்லை.

படலம் அரித்த சிடியின் விளிம்பை இவற்றைவிட நன்றாகப் படித்த டிரைவ் மாடல் எது, எந்த வேகத்தில்?